தொடக் கூடாத முட்டி

மைதானத்துக் கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. ‘நாளைக்கே திறந்துவிடுவார்கள், பாருங்கள்’ என்று போன வாரம் அடித்துச் சொன்னவர்கள் எல்லாம் இந்த வாரம் பேச்சை மாற்றி வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்பந்து லீக்கில் இருக்கும் கிளப் முதலாளிகள் எல்லோரும் ஒன்றுகூடி ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். அடிபட்டுப் படுத்த வீரனுக்குக் கொஞ்ச நாள்தான் சம்பளம். அதற்குள் எழுந்து ஓடவில்லை என்றால் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடலாம். வீரர்கள் சங்கம் முடியாது என்றது. முதலாளிகள் எல்லா மைதானங்களின் கேட்டையும் பூட்டிவிட்டார்கள்.

சங்கத்தின் தலைவன் நம்முடைய கோந்து. கோல்கீப்பர். அணியின் கேப்டனும் அவன்தான். கைக்கு வந்த பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது பாஸ்போர்ட்டில் மட்டும்தான் பார்க்க முடியும்.

அவனுடைய தங்கை, அவன் ஆடும் அதே கிளப்பில் பிசியோதெரபிஸ்ட். அடிபட்ட வீரர்களுக்குக் கட்டுப் போடுவது, ஆபரேஷன் ஆனவனைப் பழையபடி ஓட வைப்பது எல்லாம் அவள் வேலை. சம்பளம் முதலாளியுடையது. கேட்டைப் பூட்டிய அன்றே ஊழியர்களுக்கு உத்தரவு வந்தது. வீரர்களோடு பேசக் கூடாது, வைத்தியம் பார்க்கக் கூடாது, தொடவே கூடாது. மீறினால் வேலை போய்விடும். ஒரே கூரையின் கீழ் ஒரு கோல்கீப்பரும் ஒரு பிசியோவும் குடியிருப்பார்கள் என்று அதை எழுதிய மகானுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எழுதியிருப்பார்.

“வீட்டுல நான் என்ன சார் பண்றது?” என்று அவள் மேலாளரிடம் கேட்டதற்கு, “தங்கச்சியாப் பேசுங்க, பிசியோவாப் பேசாதீங்க” என்று பதில் வந்தது. ஆகவே அண்ணனும் தங்கையும் இத்தனை நாளாக உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள், அவனுடைய வலது முட்டியைத் தவிர. போன சீசனில் ஆபரேஷன் ஆன முட்டி அது. அவள்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அதைத் தேற்றியிருந்தாள்.

இனி பேச்சுவார்த்தை நடந்த நாளின் காலைக்கு வருவோம்.

கோந்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் முதலாளிகளோடு பேச்சுவார்த்தை. ஹாலுக்கும் சமையலறைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தான். அலமாரியிலிருந்து சரிந்த டம்ளர் ஒன்றைத் தரையைத் தொடுவதற்குள் பிடித்தான். அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடி சரியுமா என்று ஆசையாகப் பார்த்தான்.

“உக்காருங்களேன். தரை தேஞ்சு போயிடும்,” என்றாள் அவன் மனைவி.

இவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். தங்கைக்கு அண்ணி, நமக்கும் அண்ணியாகவே இருக்கட்டும். அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது. வேன் நிறையப் பிள்ளைகளைச் சமாளித்துச் சமாளித்து அந்தக் குரல் அப்படியே நின்றுவிட்டது. வீரர்களின் மனைவிமாரைத் திரட்டிப் பூட்டிய கேட்டின் முன்னால் உட்கார வைத்தவளும் அவள்தான். முதலாளிகள் கோந்துவைவிட அவளுக்கே அதிகம் பயந்தார்கள் என்று ஊரில் பேச்சு.

“மதியம் நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் எங்கயும் சுத்தாதீங்க. கேக்குதா?”

“தெருவுக்கே கேக்குது,” என்றான் கோந்து.

வேன் தெருமுனையில் திரும்பியதும் அவன் ஷூவை மாட்டினான்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் தங்கை. கேட் பூட்டிய பிறகு ஊழியர்களுக்கு அரைநாள் வேலைதான். அவள் மதியத்துக்கு மேல் போனால் போதும்.

“காத்து வாங்கிட்டு வரேன்.”

“காத்து வீட்டுக்குள்ளயே வருதே.”

“இது பழைய காத்து, குட்டி.”

காற்றுக்காக ஒன்றும் அவன் போகவில்லை. மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் பின்பக்கக் காலி மனையில் சில வீரர்கள் திருட்டுத்தனமாகப் பந்து விளையாடுவதாக அவன் காதுக்கு எட்டியிருந்தது. கேட் திறக்கும்வரை யாரும் பந்தைத் தொடக் கூடாது என்று சங்கத்தின் சார்பில் அவனே எல்லோருக்கும் சொல்லியிருந்தான். காரணமில்லாமல் இல்லை. கிளப்புக்கு வெளியே அடிபட்டால் எந்த முதலாளியும் பொறுப்பேற்க மாட்டான். ஒப்பந்தத்தைக் கிழிக்க அதுவே சாக்காகிவிடும்.

போனான். திட்டினான். நன்றாகவே திட்டினான். “சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கறீங்களேடா! இன்னிக்கு ஒருநாள் பொறுக்க முடியாதா?” என்று இரண்டு செங்கற்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கத்தினான். அந்தச் செங்கற்கள்தான் அங்கே கோல் கம்பம்.

யாரோ ஒருவன் அதற்கு முன்பே உதைத்துவிட்ட பந்து, அவனுக்கு வலப்பக்கமாக உள்ளே நுழையப் பார்த்தது. கோந்து அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தான். வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே உடம்பு பாய்ந்துவிட்டது. இஸ்திரி போட்ட பேண்ட், தெருவில் நடக்கிற ஷூ, கீழே கல்லும் முள்ளும். பந்து அவன் கையில்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அவனைத் தன் காரில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அணியின் மூத்த தடுப்பாட்டக்காரர். மொத்த அணிக்கும் அவர் சித்தப்பா.

“லேசா வழுக்கிடுச்சும்மா,” என்றார் சித்தப்பா தங்கையிடம்.

அவள் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தாள். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“தொடக் கூடாதுன்னு இருக்கு இல்ல,” என்றான் அவன், சிரிக்கப் பார்த்தபடி.

“வாயை மூடு.”

பேண்டைச் சுருட்டி, முட்டியை மடக்கி, பாதத்தைத் தன் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கெண்டைக்காலுக்கு மேலே இரண்டு கையாலும் பற்றி மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, இழுப்பறை மாதிரி முன்னால் வந்தது. வரக் கூடாது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது. நம்ப மனமில்லாமல் இடது காலையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

“சித்தப்பா, நீங்க கிளம்புங்க. அங்க இருந்த பசங்களும் சரி, நீங்களும் சரி, வெளியே யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

அவர் போன பிறகுதான் சொன்னாள். “ஜவ்வு போயிடுச்சுண்ணா.”

இரண்டாம் முறையாகக் கிழிந்த ஜவ்வு. இன்னோர் ஆபரேஷன், வருஷம் முழுக்கப் படுக்கை. அதுவும் காலி மனையில், பேண்ட் சட்டையோடு விழுந்து. இது வெளியே தெரிந்தால் அவனுடைய ஒப்பந்தத்தை யாரும் கிழிக்கக்கூட வேண்டாம், அதுவே கிழிந்துவிடும். இந்த வயதில் முட்டி போன கோல்கீப்பரை வேறு எந்தக் கிளப்பும் திரும்பிப் பார்க்காது.

“மதியம் நான் நடந்து போகணும், குட்டி.”

“பைத்தியமா உனக்கு?”

“நொண்டிக்கிட்டுப் போனா, ‘ஓஹோ, இதுக்குத்தான் இத்தனை நாளாப் பேசினியா’ன்னு கேப்பாங்க. என் ஒருத்தன் முட்டிக்காக எல்லாரும் வீதியில நின்ன மாதிரி ஆயிடும். வேற யாரும் இன்னிக்குப் போய் உக்கார முடியாது. என்கிட்டதான் பேசுவோம்னு சொல்லிட்டாங்க.”

“இன்னும் கொஞ்ச நேரத்துல வீங்கிடும்.”

“வீங்குறதுக்குள்ள கட்டிவிடு.”

அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஐஸ் எடுத்து வந்தாள். அழுதுகொண்டே பட்டைப் பட்டையாக டேப்பைக் கிழித்துத் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள்.

“ஏன்தான் பாஞ்ச? நீதானே எல்லாருக்கும் கூடாதுன்னு சொன்ன?”

“உள்ளே போகப் பாத்துச்சு.”

“என்ன?”

“பந்து.”

அவனை எழுப்பி நிறுத்தி, ஹாலில் நடக்கப் பழக்கினாள். வேகமாகத் திரும்பாதே. நாற்காலியில் முதலிலேயே உட்கார்ந்துவிடு, கடைசியில் எழுந்திரு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மற்றது முதலில். கொஞ்ச நேரத்துக்கு முன் ஹாலில் நிற்காமல் அலைந்தவன் இப்போது ஒவ்வோர் அடியாக எண்ணி வைத்தான். அவன் முகத்தில் வியர்வை துளிர்த்தது.

“முகத்தைச் சரி பண்ணு. கால் நடந்தாப் போதாது.”

தெருவில் வேனின் ஹாரன். தங்கை டேப், கத்தரிக்கோல், ஐஸ் பை எல்லாவற்றையும் சுருட்டித் தன் அறைக்குள் எறிந்தாள். அண்ணியிடம் சொல்ல இரண்டு பேருக்குமே தைரியமில்லை. சொன்னால் அவனைப் போக விடமாட்டாள். போக விட்டாலும் அந்தக் குரலில் ரகசியம் தங்காது.

அண்ணி உள்ளே வந்ததும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறீங்க?”

“கூட்டத்தை நெனச்சு ஒரே டென்ஷன்,” என்றான் கோந்து.

“டென்ஷன் அவங்களுக்கு இருக்கட்டும். சட்டையை மாத்துங்க. இன்னிக்கு ஒரு எழுத்து விட்டுக்கொடுத்தீங்க, வீட்டுக்கு வராதீங்க.”

பள்ளிப் பிள்ளைகளின் படம் வரைந்த மஞ்சள் வேனில் முன்சீட்டில் ஏறி, சங்கத் தலைவர் பேச்சுவார்த்தைக்குப் புறப்பட்டார். ஏறும்போது ஒரு கணம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தங்கை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அண்ணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அன்று மதியம் தங்கைக்கு நரகமாகப் போனது.

கிளப்பில் அவளுடைய சிகிச்சை அறை காலியாகக் கிடந்தது. நான்கு மேஜைகள், மேலே துவைத்து விரித்த வெள்ளைத் துணி, படுக்கத்தான் ஆளில்லை. மடித்த துண்டுகளை உதறி மறுபடி மடித்தாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அண்ணனைத் தொட்ட கை என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. இதைப் போல முட்டாள்தனம் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் கழுவினாள்.

இப்போது படியில் ஏறியிருப்பானா? யாராவது கைகொடுக்க எழுந்தால் சட்டென்று திரும்பிவிடுவானோ? போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

திடீரென்று கேட்டுக்கு வெளியே கூச்சல். முதலில் சண்டை என்றுதான் நினைத்தாள். ஜன்னலைத் திறந்தால், வெளியே வீரர்களும் மனைவிமாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலாளரே அறைக்கு வந்தார். முதலாளி தரப்பில் அவரும் கூட்டத்தில் இருந்தவர். தோற்ற மாதிரியே தெரியவில்லை; தலைவலி விட்டவர் மாதிரி இருந்தார்.

“முடிஞ்சது. எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டோம். கிளப்புல அடிபட்டா, குணமாகிற வரைக்கும் முழுச் சம்பளம், முழு வைத்தியம். ஒப்பந்தத்துல யாரும் கை வைக்க முடியாது.”

“ரொம்ப சந்தோஷம் சார்,” என்றாள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான்.

“ஒரே ஒரு நிபந்தனை. கேட் பூட்டியிருந்தப்போ வெளியே பட்ட அடிக்கு நாங்க பொறுப்பில்ல. அதனால நாளைக்குக் காலையில கேட் திறந்ததும், ஒவ்வொருத்தரையா நீங்க பாத்து, ‘நல்லா இருக்கார்’னு சொன்ன பிறகுதான் உள்ளே விடுவோம். கேப்டன்ங்கிறதால உங்க அண்ணனைத்தான் முதல்ல.”

“நான் எப்படி சார்? அவர் என் அண்ணன். வேற யாரையாவது...”

“எங்க முதலாளியும் அதைத்தான் இழுத்தார். தங்கச்சியாச்சே, சரிப்பட்டு வருமான்னு. உங்க அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?” மேலாளர் இப்போது சிரித்தார். “‘என் தங்கச்சி எனக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டா’ன்னார். அதோட பேச்சு முடிஞ்சது. ரெண்டு பக்கமும் நம்புற ஆளு இந்தக் கிளப்புல நீங்க ஒருத்தர்தான்.”

அவர் போய்விட்டார். வெளியே கூச்சல் அடங்கவில்லை. தங்கை ஒரு மேஜையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அண்ணன்மேல் வந்த ஆத்திரத்துக்கும் பெருமைக்கும் எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயந்திரம் வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் கோந்துவின் தோளைத் தட்டினார்கள். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ‘பாவம், களைச்சுப் போயிட்டார்’ என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள். அண்ணி எல்லோருக்கும் டீ கொடுத்து, எல்லோரோடும் சேர்ந்து சிரித்து, கடைசி ஆளை வழியனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

தங்கை அதற்காகவே காத்திருந்தாள். அண்ணியை மறந்து வெடித்தாள்.

“ஏன் ஒத்துக்கிட்ட?”

“வேண்டாம்னு சொல்ல என்ன காரணம் சொல்றது?” என்றான் கோந்து. “இத்தனை பேருக்கு நல்லது நடக்குது. குறுக்க நின்னா, ஏன்னு கேப்பாங்க.”

“என்னை எதுக்கு இழுத்த? பொய் சொல்ல மாட்டாள்னு எவன் உன்னை ஜாமீன் குடுக்கச் சொன்னது?”

“அந்த நிமிஷம் அதுதான் வாயில வந்துச்சு. உண்மைதானே?”

“பேண்டைச் சுருட்டுங்க,” என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அண்ணி அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஷூவை அவிழ்த்து, தானே பேண்டைச் சுருட்டினாள். டேப்புக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி நின்றது. முட்டி இருந்த இடம் தெரியாமல் வீங்கியிருந்தது.

“அண்ணி, உங்களுக்கு...”

“வேன்ல ஏறினப்பவே தெரியும். தினம் எத்தனை பிள்ளைங்களை ஏத்தி இறக்குறேன். எது நொண்டுதுன்னு கண்ணாடியிலயே தெரியாதா எனக்கு?”

“அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டிருந்தா இவர் உள்ளே போயிருப்பாரா? வழியெல்லாம் வாயைக் கடிச்சிக்கிட்டு ஓட்டினேன்.” அண்ணியின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு குரலைத் தங்கை கேட்டதே இல்லை. “கிளப் மைதானத்துல அடிபட்டாக் கிளப் பொறுப்பு. அதானே இன்னிக்கு வாங்கிட்டு வந்தீங்க?”

“ஆமா,” என்றான் கோந்து.

அண்ணி தங்கையின் பக்கம் திரும்பினாள். “நாளைக்குக் காலையில நீ ‘நல்லா இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. சாயந்திரம் பிராக்டீஸ்ல எல்லார் முன்னாடியும் விழட்டும். விழறதுக்கு யாராவது இவருக்குச் சொல்லித் தரணுமா?”

“அண்ணி! தெரிஞ்சா என் வேலை மட்டும் போகாது. நாளைக்கு வேற ஒருத்தனுக்கு நிஜமாவே அடிபட்டாலும், ‘இவனும் நடிக்கிறான்’னுதான் சொல்லுவாங்க. வாங்கின விதி செல்லாக்காசாயிடும்.”

“எவனுக்கோ நாளைக்குப் படப்போற அடிக்கு இப்பவே அழற. அடிபட்டு உக்காந்திருக்கறவரைப் பாரு. இவருக்கு இதை விட்டா வேற என்ன வேலை தெரியும்?” அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீ கெட்டவளாக வேண்டாம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை. எல்லாருக்கும் வாங்கிக் குடுத்த ஆளுக்கு மட்டும் ஒண்ணுமில்லேன்னா எப்படி?”

அண்ணி சொன்னதில் நியாயமே இல்லை என்று தங்கையால் சொல்ல முடியவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள். ‘விடு, அதெல்லாம் வேண்டாம்’ என்று அவன் இதோ இப்போது சொல்லிவிடுவான். முதலாளிகளிடம் இத்தனை நாளாக அலுக்காமல் சொன்ன வார்த்தைதானே. அவன் சொல்லிவிட்டால் மூன்று பேரும் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, ஆக வேண்டியதைப் பார்க்கலாம். அவன் வாயைத் திறக்கும்வரை அவள் மூச்சுவிடாமல் நின்றாள்.

கோந்து வீங்கிய முட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். தலையை நிமிர்த்தவில்லை.

“எந்தப் பக்கமா விழுந்தா நம்புவாங்க, குட்டி?” என்று கேட்டான்.